சிக்கனத்துக்கு ஓட்டு கேட்பவர்

மேடை ஏறி, "என்னைத் தேர்ந்தெடுத்தால் உங்களுக்கு இன்னின்னது தர மாட்டேன்" என்று பேசும் வேட்பாளரை நீங்கள் பார்த்ததுண்டா? நம் நாட்டில் அப்படியும் ஒரு பிறவியா என்று சிரிக்காதீர்கள். உண்டு. அபூர்வமாகத்தான் தட்டுப்படுவார். பெரும்பாலும் புதுமுகமாக இருப்பார். வங்கியிலோ, செக்ரடேரியட்டிலோ, பெரிய கம்பெனி ஒன்றின் நிர்வாகத்திலோ பாதி ஆயுளைக் கழித்து, கணக்குப் புத்தகம் பார்த்துப் பழகிய கண்ணோடு அரசியலுக்கு வருவார். வரவுக்கு மேல் செலவு கூடாது, கடன் வாங்கிச் சலுகை வழங்கக் கூடாது, இன்று நாம் வாங்கும் கடனை நாளை நம் பிள்ளைகள்தான் அடைக்க வேண்டும் என்பார்.

நாமும் மரியாதையாகக் கேட்டுக்கொள்வோம். பத்திரிகைகள் அவரது படத்தைப் போட்டுப் பேட்டி வெளியிடும். 'இப்படிப்பட்டவர்கள்தான் அரசியலுக்கு வரவேண்டும்' என்று காபி குடித்துக்கொண்டே சொல்வோம். ஓட்டு எண்ணும் நாளில், ஜெயிப்பாரா என்பதல்ல, டெபாசிட் தேறுமா என்பதே கேள்வியாக இருக்கும். பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் கட்டிய பணம் அரசுக்குப் போய்விடும். சிக்கனம் பேசியவர் அந்த வகையிலாவது கஜானாவுக்கு உதவினார் என்று ஆறுதல் கொள்ளலாம்.

இப்படிப்பட்டவர்கள் தோற்பதற்குப் படித்தவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: மக்களுக்குப் பொருளாதாரம் புரியவில்லை, இலவசத்துக்கு மயங்குகிறார்கள். இந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. மாதக் கடைசியில் பால் கணக்கையும் மளிகைக் கணக்கையும் பைசா பிசகாமல் முடிக்கிற, சீட்டுப் பணத்தைத் தவணை தவறாமல் கட்டுகிற பெண்களுக்கா வரவு செலவு புரியாது? கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. அது எங்கே என்று பார்க்க, இந்த வகை வேட்பாளர்களில் மிகவும் பெயர் பெற்ற ஒருவரின் கதையிலிருந்து தொடங்கலாம்.

1999 மக்களவைத் தேர்தல். தெற்கு டெல்லித் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் மன்மோகன் சிங். ரிசர்வ் வங்கி கவர்னர், திட்டக்குழுத் துணைத் தலைவர், ஐந்தாண்டு நிதியமைச்சர் என்று எல்லாம் இருந்தாகிவிட்டது. ஆனால் மக்களிடம் ஓட்டு கேட்பதில் அவர் அன்று புத்தம் புதியவர். 67 வயதை நெருங்கும்போது வந்த முதல் பரீட்சை. எதிரே பா.ஜ.க.வின் விஜய் குமார் மல்ஹோத்ரா, டெல்லி அரசியலிலேயே ஊறி வளர்ந்தவர்.

மன்மோகன் சிங்குக்குத் தோதாக ஒரு தொகுதியை வரைந்து தரச் சொல்லியிருந்தால் ஏறக்குறைய தெற்கு டெல்லியைத்தான் வரைந்திருப்பார்கள். குடிசைப் பகுதிகளும் பழைய கிராமங்களும் உண்டு என்றாலும், வசதியான காலனிகள், படித்த உத்தியோகஸ்தர்கள், வியாபாரிகள் நிறைந்த தொகுதி அது. 1991க்குப் பிறகு திறந்த கதவுகளால் யாராவது பலனடைந்தார்கள் என்றால் இவர்கள்தான். கார் வாங்கக் காத்திருக்க வேண்டியதில்லை. டெலிபோனுக்கு எம்.பி. சிபாரிசு வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு வெளிநாட்டுக் கம்பெனிகளில் உத்தியோகம். இத்தனைக்கும் காரணமானவர் வாசலில் வந்து கை கூப்பி நிற்கிறார்.

சுமார் 30,000 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார்.

இதில் காலத்தின் பங்கும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஒரே ஒரு ஓட்டில் வாஜ்பாய் அரசு கவிழ்ந்த அனுதாபமும், கார்கில் போரின் உணர்ச்சியும் அந்த ஆண்டு பா.ஜ.க.வுக்குக் கைகொடுத்தன. டெல்லியின் ஏழு தொகுதிகளும் அந்தக் கட்சிக்கே போயின. ஆனாலும் மற்ற ஆறு காங்கிரஸ் வேட்பாளர்கள் தோற்றதும் இவர் தோற்றதும் ஒன்றல்ல. 'நாட்டை மீட்டவர்' என்று எந்த வர்க்கம் இவரைப் புகழ்ந்ததோ, அந்த வர்க்கத்தின் தொகுதியிலேயே அந்தப் புகழ் ஓட்டாக மாறவில்லை.

ஏன் மாறவில்லை என்பதற்கு 1991க்குப் போக வேண்டும். ஜூன் 21 அன்று அவர் நிதியமைச்சராகப் பதவியேற்றபோது, கையிருப்பில் இருந்த அன்னியச் செலாவணி இரண்டு வார இறக்குமதிக்குத்தான் போதும். மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் 8 சதவிகிதத்துக்கு மேல் என்று பட்ஜெட் உரையிலேயே அவர் சொன்னார். ஜூலை முதல் வாரத்தில் ரூபாயின் மதிப்பு இரண்டு தவணையாகக் குறைக்கப்பட்டது. சுமார் 47 டன் தங்கம் விமானம் ஏறி அடமானத்துக்குப் போயிற்று. தாலியை அடகு வைத்த குடும்பத்தின் அவமானம் அது.

ஜூலை 24 பட்ஜெட்டில் கத்தரி விழுந்தது. உர விலை 40 சதவிகிதம் உயர்ந்தது. ரேஷன் சர்க்கரைக்கு விலை ஏறிற்று. சமையல் எரிவாயு, பெட்ரோல் விலை ஏறிற்று. எதிர்க்கட்சிகள் கொதித்தன. காங்கிரஸ் எம்.பி.க்களே கொதித்தார்கள். ஆகஸ்டில் உர விலை உயர்வை 30 சதவிகிதமாகக் குறைத்து, சிறு, குறு விவசாயிகளுக்கு விலக்கும் அளிக்க வேண்டியதாயிற்று. ஆனாலும் அந்த ஆண்டின் பற்றாக்குறை 6 சதவிகிதத்துக்கு அருகே இறங்கியது. வாங்கிய கடனைக் கட்டத் தவறிய நாடு என்ற பெயர் இந்தியாவுக்கு வரவில்லை.

சிக்கனக்காரரின் துரதிர்ஷ்டம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. உர மூட்டையின் விலை ஏறியது மறுநாளே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. நாடு திவாலாகாமல் போனது யாருக்குத் தெரிகிறது? உடையாத ஏரிக்கரைக்கு யாரும் மாலை போடுவதில்லை. விலை ஏற்றினால் அமைச்சர் மேல் பழி. பையனுக்கு நல்ல வேலை கிடைத்தால் அது அவனது கெட்டிக்காரத்தனம். தெற்கு டெல்லிக்காரர்கள் நன்றி கெட்டவர்கள் அல்ல. நன்றி சொல்ல வேண்டிய விஷயமே அவர்கள் கண்ணில் படவில்லை. வேட்பாளரும் அதைக் கண்ணில் படும்படி எடுத்துச் சொல்லும் கலையைக் கற்றவரல்ல.

அந்தத் தேர்தலைப் பற்றிக் குஷ்வந்த் சிங் ஒரு விஷயம் எழுதியிருக்கிறார். பிரச்சாரத்துக்கு டாக்ஸி அமர்த்தப் பணமில்லாமல் மன்மோகன் சிங்கின் மருமகன் வந்து அவரிடம் 2 லட்சம் ரூபாய் கடன் வாங்கிப் போனாராம். தேர்தலில் தோற்ற சில நாளில் மன்மோகன் சிங்கே நேரில் வந்து, செலவாகாத பணம் என்று சொல்லி அந்தக் கட்டைத் திருப்பிக் கொடுத்தாராம். நேர்மைக்கு உதாரணமாக இந்தக் கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. நான் இதை வேறு விதமாகவும் பார்க்கிறேன். நாட்டின் பணத்தைச் செலவழிக்கத் தயங்கியவர், தன் தேர்தலிலும் செலவழிக்கத் தயங்கினார். அந்தக் குணமும் அந்தக் களமும் ஒத்துப்போகவில்லை.

ஒத்துப்போகாததால் என்ன ஆயிற்று? அதற்குப் பிறகு மன்மோகன் சிங் மக்களவைத் தேர்தலில் நிற்கவே இல்லை. 2004ல் பிரதமரானார், பத்தாண்டு ஆண்டார், 2024 டிசம்பரில் காலமானார். இத்தனை காலத்தில் அவர் மறுபடி ஒரு வாக்காளர் வீட்டு வாசலிலும் தனக்காக நிற்க நேரவில்லை. 1991ல் நரசிம்மராவ் பிரதமரானபோது அவரும் எம்.பி. இல்லை. ஆனால் அவர் நந்தியால் இடைத்தேர்தலில் நின்று வென்று வந்தார். நிதியமைச்சரோ குவாஹாத்தியில் ஒரு வாடகை முகவரியைக் காட்டி அஸ்ஸாமிலிருந்து மாநிலங்களவைக்குப் போனார். அந்த ஏற்பாடே நீடித்தது.

இது ஒரு மனிதரின் கதையாக நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். இதுவே வழக்கமாகிவிட்டது. அருண் ஜேட்லி 2014ல் அமிர்தசரஸில் அமரிந்தர் சிங்கிடம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டில் தோற்றார். அதே மாதம் நிதியமைச்சரானார், மாநிலங்களவை உறுப்பினராக. 2019ல் நிதியமைச்சரான மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமனும் மாநிலங்களவை வழி வந்தவர்தான். 2024 தேர்தலின்போது ஆந்திராவிலோ தமிழ்நாட்டிலோ நிற்கிறீர்களா என்று கட்சி கேட்டதாகவும், தேர்தலில் நிற்கிற அளவுக்குத் தன்னிடம் பணமில்லை என்று மறுத்துவிட்டதாகவும் அவரே சொன்னார். பல லட்சம் கோடி ரூபாய்க்கு பட்ஜெட் போடுகிறவரால் ஒரு தொகுதிக்குச் செலவழிக்க முடியவில்லை! கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரிக்கிற விஷயமல்ல. மக்களவை வேட்பாளருக்குப் பெரிய மாநிலங்களில் சட்டப்படியான செலவு வரம்பு 95 லட்சம் ரூபாய். உண்மையான செலவு அதற்குள் அடங்குகிறது என்று நம்புகிறவர்கள் கையைத் தூக்கலாம்.

இந்தப் பின்வாசல் ஏற்பாட்டில் ஒரு விசித்திரம் இருக்கிறது. நம் அரசியல் சட்டப்படி அரசுச் செலவுக்கு அனுமதி தருவது மக்களவை மட்டுமே. மானியக் கோரிக்கைகளின் மீது ஓட்டுப் போடும் உரிமை மாநிலங்களவைக்குக் கிடையாது. மாநிலங்களவைக்காரரான அமைச்சர் மக்களவையில் வந்து பேசலாம், ஓட்டுப் போட முடியாது. ஆக, புகழ் பெற்ற 1992 முதலான பட்ஜெட்டுகளுக்கு, அவற்றைக் கொண்டுவந்த மன்மோகன் சிங்கால் ஓட்டுப் போட முடிந்ததில்லை. 2008 ஜூலையில் தன் அரசின் மீது வந்த நம்பிக்கைத் தீர்மானத்திலும் பிரதமரான அவருக்கு மக்களவையில் ஓட்டு இல்லை. கஜானாவின் சாவியை வைத்திருப்பவர்களுக்கு, கஜானாவைத் திறக்கச் சொல்லும் சபையில் ஓட்டு இல்லை.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. கணக்குப் பார்ப்பவர்கள் ஓட்டு கேட்பதில்லை. ஓட்டு கேட்பவர்கள் கணக்குப் பேசுவதில்லை. நடுவில் வாக்காளருக்கு அரசின் வரவு செலவைப் பற்றி நேர்மையாக ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை. 2023-24ல் மத்திய அரசு வட்டிக்கு மட்டும் கொடுத்தது 10 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இதைப் பற்றி உங்கள் தொகுதியில் எந்த வேட்பாளராவது எந்தத் தெருமுனைக் கூட்டத்திலாவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

எப்போதுமே இப்படி இருந்ததில்லை. ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய கவர்னரும் ஐ.சி.எஸ். அதிகாரியுமான சி.டி. தேஷ்முக் நிதியமைச்சராக இருந்துகொண்டே 1952 பொதுத் தேர்தலில் கொலாபா தொகுதியில் நின்றார், வென்றார். கோப்புகளோடு வாழ்ந்தவர் மக்கள் முன் வர அஞ்சவில்லை. 1959ல் ராஜாஜி 80 வயதில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். அரசின் செலவும் வரியும் அதிகாரமும் அளவோடு இருக்க வேண்டும் என்பதையே கொள்கையாக எழுதிவைத்து ஓட்டு கேட்ட கட்சி அது. சோஷலிசம் பேசாதவர் மேடையேற முடியாத காலம். ஆனாலும் 1962ல் 18 இடம், 1967ல் 44 இடம். மக்களவையிலேயே பெரிய எதிர்க்கட்சியாயிற்று. சிக்கனத்துக்கு இந்த நாட்டில் ஓட்டே கிடையாது என்பவர்கள் இந்த எண்ணை மறந்துவிடுகிறார்கள்.

ராஜாஜியின் கட்சியிலும் தர்மசங்கடம் இல்லாமல் இல்லை. அதே 1967ல் தமிழ்நாட்டில் அது தி.மு.க.வோடு கூட்டணி. தி.மு.க.வோ ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற இலக்கைச் சொல்லி ஓட்டு கேட்டது. ஆட்சிக்கு வந்தபின் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி என்று தொடங்கிய திட்டம், கஜானா தாங்காததால் மேலே போகவில்லை. சிக்கனம் பேசியவர்களும் அரிசி பேசியவர்களும் ஒரே மேடையில் நின்ற வினோதம் அன்றே நடந்திருக்கிறது. ஆனால் அந்தக் கட்சி செய்த உருப்படியான காரியம் வேறு. ராஜ்கோட்டிலிருந்து ஜெயித்துப் போன மினு மசானி, 1967ல் பொதுக் கணக்குக் குழுவின் தலைவரானார். அரசு செலவழித்த பணத்துக்குக் கணக்குக் கேட்கும் அந்தக் குழுவுக்கு எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் தலைவரானது அதுவே முதல் முறை. இன்றுவரை அந்த மரபு தொடர்கிறது. 1971 இந்திரா அலையில் கட்சி 8 இடத்துக்குச் சுருங்கி, பிறகு மறைந்தே போனது. கட்சி போயிற்று, மரபு நின்றது. தோற்றவர்களால் நாட்டுக்குப் பயனில்லை என்று யார் சொன்னது?

பிறகு வந்தவர்கள் ஒற்றை ஆட்களாக வந்தார்கள். வெளிநாட்டு வங்கி ஒன்றின் இந்தியத் தலைவராக இருந்த மீரா சன்யால், மும்பைத் தாக்குதலுக்குப் பின் 2009ல் தெற்கு மும்பையில் சுயேச்சையாக நின்றார். பத்தாயிரம் ஓட்டு அளவில் நின்றுவிட்டது, டெபாசிட் போயிற்று. மானியம் கசியாமல் நேரே பயனாளியிடம் சேர வழி செய்யும் ஆதார் திட்டத்தை நடத்திக் காட்டிய நந்தன் நிலேகனி, 2014ல் தெற்கு பெங்களூரில் காங்கிரஸ் வேட்பாளர். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் தோற்றார். அதே தொகுதியில் கணினித் துறையில் வேலை செய்பவர்கள் எத்தனை ஆயிரம் பேர் என்று எண்ணிப் பாருங்கள். தெற்கு டெல்லியின் கதை தெற்கு மும்பையிலும் தெற்கு பெங்களூரிலும் அப்படியே நடந்தது.

ஆனால் ஒருவர் ஜெயித்தார். ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டு லோக்சத்தா இயக்கத்தை நடத்திய ஜெயப்பிரகாஷ் நாராயண், 2009ல் ஐதராபாத்தின் கூகட்பல்லி சட்டமன்றத் தொகுதியில் வென்றார். (நெருக்கடி நிலையை எதிர்த்த ஜெ.பி. வேறு, இவர் வேறு.) இவரும் இலவசங்களை எதிர்த்தவர்தான். ஆனால் 'செலவைக் குறை' என்று அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. அந்தப் பணத்தைப் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் திருப்பு என்றார். தொகுதி கேட்டுக்கொண்டது. 2014ல் மல்காஜ்கிரி மக்களவைத் தொகுதியில் அவரும் தோற்றார் என்பது உண்மை. ஆயினும் ஒரு முறையாவது கதவு திறந்தது, அது எப்படித் திறந்தது என்பதும் தெரிந்தது.

இப்போது வாக்காளரின் பக்கம் வருவோம். 'இந்த மானியத்தை நிறுத்தினால் இத்தனை கோடி மிச்சம்' என்று சிக்கன வேட்பாளர் சொல்கிறார். வாக்காளர் மனதில் ஒரே கேள்வி: மிச்சமாகும் பணம் எனக்கு என்னவாக வரும்? ஆஸ்பத்திரியில் மருந்தாக வருமா, பள்ளியில் வாத்தியாராக வருமா, அல்லது வேறு யாருக்காவது சலுகையாகப் போகுமா? 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் வருமான வரி குறைக்கப்பட்டபோது, ஆண்டுக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே சொன்னது. அதை யாரும் இலவசம் என்று சொல்லவில்லை. ஊக்கம் என்றார்கள். ஏழைக்குப் போனால் இலவசம், பணக்காரனுக்குப் போனால் ஊக்கம் என்ற அகராதியை வைத்துக்கொண்டு சிக்கனம் பேசினால் யார் நம்புவார்கள்? கிடைக்கிற மிக்ஸி நிஜம், மிச்சமாகும் கோடி வெறும் பேச்சு. நிஜத்தை வாங்கிக்கொள்கிறவரை முட்டாள் என்பது நியாயமல்ல.

செலவழித்தால் ஜெயித்துவிடலாம் என்பதும் பொய்தான். 2008 பிப்ரவரி பட்ஜெட்டில் ப. சிதம்பரம் 60,000 கோடி ரூபாய் விவசாயக் கடன் தள்ளுபடியை அறிவித்தார். முந்தைய ஆண்டில் 3 சதவிகிதத்துக்கும் கீழே வந்திருந்த பற்றாக்குறை, உலக நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 2008-09ல் 6 சதவிகிதத்துக்குப் போயிற்று. பற்றாக்குறைக்கு வரம்பு கட்ட 2003ல் போட்ட சட்டம் அலமாரிக்குப் போயிற்று. 2009ல் காங்கிரஸ் 206 இடம் வென்றது. பார்த்தாயா, செலவுக்கு ஓட்டு உண்டு என்றார்கள். அதே சிதம்பரம் சிவகங்கையில் சில ஆயிரம் ஓட்டில்தான் தப்பினார் என்பதைக் கவனிக்கவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் விலைவாசி ஏறியது. 2014ல் காங்கிரஸுக்கு 44 இடம். செலவழித்த அரசுக்கும் பில் வந்தே தீரும். கொஞ்சம் தாமதமாக, விலைவாசி என்ற பெயரில் வரும். அதைக் கட்டுகிறவரும் அதே வாக்காளர்தான்.

ஆகவே சிக்கன வேட்பாளருக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது. சொல்லும் விதம்தான் இல்லை. அடுத்து வரப்போகிற புதுமுகத்துக்கு மூன்று யோசனைகள்.

முதலாவது, கணக்கை ஊரிலிருந்து தொடங்குங்கள். நிதிப் பற்றாக்குறை, மொத்த உற்பத்தியில் இத்தனை சதவிகிதம் என்று தொடங்கினால் முன்வரிசை எழுந்து போய்விடும். நம் ஊர்ச் சாலையை நாலு வருடத்தில் எத்தனை முறை போட்டார்கள், எவ்வளவு செலவு, யார் காண்டிராக்ட் என்று தொடங்குங்கள். தணிக்கை அறிக்கைகள் ஆண்டுதோறும் வெளியாகின்றன. அவற்றைப் படித்துவிட்டு வரும் வேட்பாளர் என்று யாராவது இருந்தால், அது நீங்களாக இருங்கள்.

இரண்டாவது, கத்தரியை முதலில் மேலே வையுங்கள். 1993 டிசம்பரில் தொடங்கிய எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி, ஆண்டுக்கு 1 கோடியாகி, 2 கோடியாகி, 2011 முதல் 5 கோடியாயிற்று. அதில் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஆண்டுதோறும் தொகுதி மக்கள் முன் கணக்கு ஒப்பிப்பேன் என்று சொல்லுங்கள். விவசாயியின் உர மானியத்தைப் பற்றிப் பேசும் உரிமை அதற்குப் பிறகே வரும். 2022-23ல் உர மானியம் இரண்டரை லட்சம் கோடி ரூபாய். அதைப் பற்றி யாராவது பேசித்தான் ஆகவேண்டும். ஆனால் பேசுகிறவர் தன் பையை முதலில் திறந்து காட்டியவராக இருக்க வேண்டும்.

மூன்றாவது, எம்.பி.யின் வேலை என்ன என்று மக்களுக்கு நினைவூட்டுங்கள். நிழற்குடை கட்டுவதல்ல அது. அரசின் செலவை அனுமதிப்பதும் மறுப்பதும். மக்களவையில் 'வெட்டுத் தீர்மானம்' என்று ஒன்று உண்டு. அதில் ஒரு வகை சிக்கன வெட்டு. ஒரு துறை கேட்கும் தொகையில் இவ்வளவு குறைக்க வேண்டும் என்று எந்த உறுப்பினரும் முன்மொழியலாம். சிக்கனக்காரருக்கென்றே செய்து வைத்த ஆயுதம். அதை எடுக்க ஆளில்லை. 2018லும் 2023லும் எல்லாத் துறைகளின் மானியக் கோரிக்கைகளும் விவாதமே இல்லாமல் ஒட்டுமொத்தமாக நிறைவேறின. 2023ல் அப்படிப் போன தொகை சுமார் 45 லட்சம் கோடி ரூபாய். வீட்டில் ஒரு ஃபிரிஜ் வாங்குவதற்கே மூன்று கடை ஏறி இறங்குகிற ஜனங்களின் பணம் அது. இதைச் சொல்லி ஓட்டு கேட்டால் ஓட்டு விழாது என்று யாராவது முயன்று பார்த்துச் சொன்னார்களா?

கட்சிகளிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டின் இலவச டி.வி. விவகாரம் உச்சநீதிமன்றம் வரை போய், 2013ல் தீர்ப்பு வந்தது. தேர்தல் அறிக்கையில் தரும் வாக்குறுதி சட்டப்படி ஊழலாகாது என்ற நீதிமன்றம், நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் கமிஷனைப் பணித்தது. அதன்படி, வாக்குறுதிகளுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கட்சிகள் பொதுப்படையாகவாவது சொல்ல வேண்டும் என்ற விதி 2014 முதல் நடத்தை நெறிகளில் இருக்கிறது. பெரும்பாலும் அது ஒரு வரியில் கடந்துபோகிறது, அல்லது அந்த வரியும் இருப்பதில்லை. கேட்கிறவர் இல்லாத இடத்தில் பதில் எப்படி வரும்? கேட்பதற்குத்தான் களத்தில் ஒரு ஆள் வேண்டும்.

ஜெயிக்காத வேட்பாளரால் என்ன பயன் என்று நினைக்கலாம். பத்து வேட்பாளர்களில் ஒருவர் 'இதற்குப் பணம் எங்கே?' என்று ஒரு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தால், மற்ற ஒன்பது பேரும் ஒரு முறையாவது பதில் சொல்ல வேண்டிவரும். அந்தப் பழக்கம் வளர்வதற்கு நாலைந்து தேர்தல் ஆகலாம். நாலைந்து நல்லவர்கள் தோற்கவும் நேரலாம்.

1999ல் மன்மோகன் சிங் தோற்றதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. ஜனநாயகத்தில் தோல்வி சகஜம். அந்த ஒரு தோல்வியோடு அவரும், அவருக்குப் பின் வந்த கணக்காளர்களும், இந்த ஜனங்களிடம் பேசிப் பயனில்லை என்று முடிவு கட்டிவிட்டார்களே, வருத்தம் அதில்தான். இரண்டாவது முறை யாராவது கேட்டுப் பார்த்திருக்கலாம். வாக்காளர் இன்னும் வாசலில்தான் இருக்கிறார்.